மேடையில் முருகன், கீழே போலீஸ்: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

திண்டுக்கல் பக்கம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில் 'வள்ளி திருமணம்' தொடங்கும். ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். முடிய விடிந்துவிடும். 'பழைய காலத்து நாடகம்தானே' என்று கடந்து போகிறோம். ஆனால், இதே நாடகத்தை நடத்தியதற்காக ஒருவரை ஆங்கிலேய அரசு திரும்பத் திரும்ப ஜெயிலில் போட்டது. அவர்தான் தியாகி விஸ்வநாத தாஸ்.

ரிகர்சலே கிடையாதா?

கிடையாது. இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரையும் தனித்தனியாக புக் செய்வார்கள். பெரும்பாலும் மேடைக்கு வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அதுதான் அடித்தளம். அதற்கு மேல் வசனம், கிண்டல், வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் எல்லாம் அந்த நேரத்தில் தோன்றுவதுதான். ஜாஸ் கலைஞர்கள் இம்ப்ரொவைசேஷன் என்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இதில் அரசியல் எப்படி வந்தது?

விஸ்வநாத தாஸ் 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். பிறகு, திண்டுக்கல்லில் இருந்து மதுரையைத் தாண்டிப் போனால் வரும் திருமங்கலத்தில் வாழ்ந்தார். ராஜபார்ட் நடிகராகப் பெயர் எடுத்தவர், காந்தியின் போராட்டங்களால் ஈர்க்கப்பட்டு மேடையையே காங்கிரஸ் மேடையாக்கினார்.

ராஜத்துரோகம் என்று கருதும் நாடகத்தைத் தடை செய்ய 1876-லேயே ஆங்கிலேய அரசு சட்டம் போட்டிருந்தது. ஆனால், வள்ளி திருமணத்தில் எதைத் தடை செய்வது? அது சாமி கதை. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டம் வரும். அங்கே தாஸ் ஒரு கொக்குப் பாட்டைக் கொண்டு வந்தார். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். விரட்ட வேண்டிய வெள்ளைக் கொக்கு யார் என்று தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு உடனே புரிந்துவிட்டது. போலீஸுக்கும் புரிந்துவிட்டது! 1919-ல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அவர் பாட்டில் வந்தது. பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பஞ்சாப் செய்தி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

விலை என்ன?

மொத்தம் 29 முறை கைதானதாகச் சொல்லப்படுகிறது. ஒரு வழக்கில் அவருக்காக வாதாடியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. வெளியே வந்தால் அடுத்த ஊர், அதே பாட்டு. அவ்வளவுதான்.

போலீஸ் மட்டும் பிரச்னை இல்லை. தாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சாதியைக் காட்டி நடிகைகள் பலர் மறுத்தார்கள். மேடையில் முருகனாகக் கும்பிட்ட ஊர், கீழே இறங்கியதும் சாதி பார்த்தது. அப்போது அவரோடு துணிந்து நடித்தவர்களில் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். பின்னாளில் மதுரையில் பெரிய கம்யூனிஸ்ட் தலைவரானவர். வெள்ளைக்காரனை எதிர்த்த அதே மேடையில், இவர்கள் ஜோடியாக நின்றதே இன்னொரு போராட்டம்தான்.

கடைசி நாடகம்

1940 டிசம்பர் 31. சென்னையில் அதே வள்ளி திருமணம். மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த தாஸ், அப்படியே சாய்ந்தார். உயிர் மேடையிலேயே பிரிந்தது. வயது 54. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது. திருமங்கலத்தில் அவருக்கு இன்று நினைவு இல்லம் இருக்கிறது.

1960-ல் அமெரிக்க டிரம்மர் மேக்ஸ் ரோச், கறுப்பின மக்களின் விடுதலைக்காக ஒரு ஜாஸ் ஆல்பம் வெளியிட்டார். இசையும் அரசியலும் கலந்த முயற்சி என்று உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. நம் ஊர்ப் பொட்டலில் அது பல வருஷம் முன்பே நடந்துவிட்டது.

திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டையில் நாடக நடிகர் சங்கங்கள் இன்னும் இயங்குகின்றன. அடுத்த திருவிழாவில் நாடகம் போட்டால், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். தர்க்கம் வரும் வரை உட்காருங்கள். எழுதி வைக்காத வசனத்துக்கு என்ன பலம் என்று அப்போது தெரியும்.