தத்துவ போதகரின் தாழ்ச்சி



துணிமணி எடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆனைக்குட்டத்திலிருந்து மதுரைக்குப் போய்வருகிறோம். அதே மதுரைக்கு 1606-ம் ஆண்டு 29 வயதுள்ள சேசு சபைக் குருவானவர் ஒருவர் வந்து சேர்ந்தார். இத்தாலியப் பிரபு குலத்தில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி சுவாமிதான் அவர். தமிழர் அவருக்கு வழங்கிய பெயர் தத்துவ போதகர்.

அவருக்கு முன்பே பெர்னாந்தஸ் சுவாமி என்னும் முதியவர் அங்கே கோவிலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்திவந்தார். பத்து வருடங்களுக்கு மேல் உழைத்தும், மதுரைவாசிகளில் ஒருவராவது மனந்திரும்பினாரில்லை. நம் வேதம் பறங்கியரின் மார்க்கம் என்றே ஜனங்கள் எண்ணி ஒதுங்கினார்கள். இதைக் கண்ட நொபிலி சுவாமி காவியுடுத்து, சந்நியாசியாகத் தனி வீட்டில் வசித்தார். சோறு, கீரை, பால் என்று தினம் ஒருவேளை ஆகாரம். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். படித்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். ஏழைக் கிறிஸ்தவர்களை விட்டு அவர் விலகி வாழ்ந்த சாதி வழக்கம் இன்று நம் மனதை உறுத்தவே செய்கிறது, அதை மறைப்பதற்கில்லை.

சோதனை வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. 1610-ல் பெர்னாந்தஸ் சுவாமியே, இவர் அஞ்ஞானிகளின் கோலம் பூண்டு வேதத்தைக் கெடுக்கிறார் என்று மேலதிகாரிகளுக்கு முறையிட்டார். பொறாமை என்று சொல்லிவிடலாகாது. தம் மனச்சாட்சிக்குப் பட்டதை அந்த முதியவர் எழுதினார். செய்தி ரோமாபுரி வரை போயிற்று. சொந்த உறவினரான கர்தினால் பெல்லார்மீன் கேட்டதை நம்பிக் கண்டித்து எழுதினார். உண்மையை அறிந்த பிறகே அவர் மனம் மாறியது. ஞானஸ்நானம் கொடுக்கும் வேலையும் தடைபட்டது. அந்நியர் ஏசினால் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். சொந்த வீட்டார் சந்தேகித்தால்? நம்மில் எத்தனையோ குடும்பத்தார் அந்த வேதனையை அறிந்தவர்களே.

நொபிலி சுவாமி சபையை விட்டு ஓடவில்லை. தம் நியாயங்களைப் பணிவாகவும் தெளிவாகவும் எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டு, தீர்ப்புக்காகக் காத்திருந்தார். வாய்மூடியிருப்பது மட்டுந்தான் தாழ்ச்சி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1619-ல் கோவாவில் கூடிய சங்கத்தில் அதிமேற்றிராணியார் உட்படப் பெரும்பாலோர் அவருக்கு விரோதமாகவே நின்றார்கள். கடைசியாக 1623 ஜனவரி 31-ந் தேதி பாப்பரசர் 15-ம் கிரகோரியார் அவர் முறைக்கு அனுமதி அளித்தார். பதின்மூன்று வருடக் காத்திருப்பு!

வெற்றி கிடைத்ததென்று அவர் மதுரையில் அமர்ந்துவிடவுமில்லை. திருச்சி, சேலம், சேந்தமங்கலம் என்று அலைந்தார். 1640-ல் மதுரையில் சிறையும் வாய்த்தது. அந்தக் காலத்தில்தான் எளிய மக்களிடையே உழைக்கப் பண்டாரசுவாமிகள் ஏற்பட்டார்கள்.

முதுமையில் கண்பார்வை மங்கியது. மதுரையை விட்டுப் புறப்படும்படி சிரேஷ்டர் கட்டளையிட்டார். நாற்பது வருடம் பாடுபட்ட இடம், இருந்தும் கீழ்ப்படிந்தார். முதலில் யாழ்ப்பாணம், பிறகு மயிலாப்பூர். எழுத முடியாத அந்நாட்களிலும், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். நாம் கோவில் என்றும் பூசை என்றும் இன்று சொல்லிவரும் வார்த்தைகள் கிறிஸ்தவர் நாவில் பழகியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1656 ஜனவரி 16-ந் தேதி, 78-ம் வயதில், மயிலாப்பூரில் தம் ஆத்துமத்தைச் சர்வேசுரனிடம் ஒப்படைத்தார்.