கோயில்களை அரசுடைமையாக்கிய கர்னல்: திருவிதாங்கூரை ஆண்ட ஜான் மன்றோ

புது தில்லி: திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையை ஒட்டியுள்ள பழவங்காடி கணபதி கோயில், திருவிதாங்கூர் சமஸ்தானப் படையினரின் வழிபாட்டுத் தலமாக விளங்கியது. இன்றும் அதன் நிர்வாகம் தேவஸ்வம் போர்டிடம் இல்லை. இந்திய ராணுவத்திடமே உள்ளது. அதே சமஸ்தானத்தில் 1,500-க்கும் மேற்பட்ட கோயில்கள் அரசின் வசமாகக் காரணமாக இருந்தவரும் ஒரு ராணுவ அதிகாரிதான். அவர் கர்னல் ஜான் மன்றோ.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. 1778-இல் பிறந்த ஜான் மன்றோ, இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் பங்கேற்றார்.

கைதும் விடுதலையும்: படைக்குத் தேவையான பொருள்களைக் கவனிக்கும் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலாக அவர் உயர்ந்தார். கூடாரங்களுக்காக அதிகாரிகள் பெற்றுவந்த படியை நிறுத்தலாம் என அவர் அளித்த அறிக்கை, படைக்குள் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. 1809-இல் தலைமைத் தளபதி மக்டோவல் அவரைக் கைது செய்தார். ஆளுநர் பார்லோ தலையிட்டு விடுவித்தார். அவ்வாண்டே ஆங்கிலேய அதிகாரிகளின் கலகமும் வெடித்தது.

ஒருவரே ரெசிடெண்ட், திவான்: வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-இல் ஒடுக்கப்பட்ட பின், திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய ரூ. 8 லட்சம் நிலுவையில் இருந்தது. 1810-இல் மன்றோ ரெசிடெண்டாக வந்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய ராணி கௌரி லட்சுமி பாய், 1811-இல் திவான் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். கப்பம் கேட்பவரும், அதைக் கட்ட வேண்டியவரும் ஒருவரே என்ற நிலை உருவானது. ஆளுநர் என்ற பெயர் இல்லையே தவிர, அதிகாரம் ஆளுநருடையதே.

ஐந்து ஜில்லா நீதிமன்றங்களும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் காலத்தில் அமைந்தன. அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் ராணியின் பிரகடனம் 1812-இல் வெளியானது. எனினும், நிலத்தோடு பிணைக்கப்பட்ட விவசாய அடிமைகள் அதில் விடுபட்டனர். கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதிக்கும் அவரது 1814-ஆம் ஆண்டு உத்தரவு, குமரிப் பகுதியில் நெடுங்காலம் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் முக்கியக் கட்டமானது.

கோயில் நிலங்கள்: 1811-இல் தொடங்கி, 348 பெரிய கோயில்களும் 1,171 சிறிய கோயில்களும் சொத்துகளுடன் அரசின் நேரடி நிர்வாகத்தில் வந்தன. நிர்வாகச் சீர்கேட்டைக் களைவதற்காக என்று ஒரு தரப்பினரும், கம்பெனிக் கடனை அடைப்பதற்காக என்று மறுதரப்பினரும் வாதிடுகின்றனர். மிஷனரிகளுக்கு வெளிப்படையாக ஆதரவு அளித்த ஒருவர் கோயில்களைக் கையகப்படுத்தியது அந்த விவாதத்தை மேலும் கூர்மையாக்கியது. ஆனால், கோயில்களின் செலவை ஏற்கும் கடமையும் அன்றிலிருந்து அரசைச் சேர்ந்தது.

1814-இல் திவான் பதவியிலிருந்து விலகிய மன்றோ, 1819-இல் ரெசிடெண்ட் பொறுப்பையும் துறந்தார். பின்னர் ஜெனரலாக உயர்ந்த அவர், 1858-இல் காலமானார். கொல்லம் அருகே அஷ்டமுடிக் காயலில் உள்ள மன்றோ துருத்து அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதைவிட அழுத்தமான தடம் அரசியல் சட்டத்தில் உள்ளது. அதன் 290-ஏ பிரிவின்படி, திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுதோறும் ரூ. 46.50 லட்சம் வழங்க வேண்டும். 1956-இல் இணைந்த குமரிப் பகுதிக் கோயில்களுக்காகத் தமிழகம் ரூ. 13.50 லட்சம் வழங்க வேண்டும். இத்தொகைக்குப் பேரவையின் வாக்கெடுப்பு தேவையில்லை. கர்னல் அன்று எடுத்துக்கொண்ட நிலங்களுக்கான கணக்கை இரு மாநிலக் கருவூலங்களும் இன்றும் தீர்த்து வருகின்றன.