கோபாலகிருஷ்ண பாரதியார்

நாகப்பட்டினத்தை அடுத்துள்ளது நரிமணம் என்னும் சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில், இசைப்பயிற்சி மிக்க குடும்பமொன்றில் கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்தார். மாயூரத்தில் கோவிந்தயதி என்பாரிடம் வேதாந்தமும் யோகமும் பயின்றார். இராமதாசர் என்னும் இசைவல்லாரிடம் இந்துஸ்தானி இசையின் நுட்பங்களைக் கற்றார். இல்லறத்தை மேற்கொள்ளாமல், மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் தங்கி, இறைவன் கதைகளை இசையோடு விரித்துரைப்பதையே தம் வாழ்வின் பணியாகக் கொண்டார். திருமாலின் பெயரைத் தாங்கிய இவர் மிகுதியாகப் பாடியது தில்லைக் கூத்தனையே! அப்பாடல்களிலும் கோபாலகிருஷ்ணன் என்பதே முத்திரையாக நிற்கும்.

ஒருமுறை இவர் திருவையாறு சென்று தியாகராச சுவாமிகளைக் கண்டார். அங்கே மாணவர்கள் ஆபோகி இராகத்தில் சுவாமிகள் இயற்றிய கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் ஏதேனும் பாடியதுண்டோ என்று சுவாமிகள் வினவினார். அதுவரை பாடியிராத பாரதியார், விரைவிலேயே தில்லைச் சபாபதியின்மீது ஆபோகியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை இயற்றிப் பாடிக் காட்டினார் என்பர்.

எனினும் பாரதியாருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது நந்தனார் சரித்திரமே. திருநாளைப்போவாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சில பாடல்களில் சுருங்கக் கூறியுள்ளார். நந்தனாரை வருத்தும் ஆண்டை எவரும் அதில் இல்லை. பாரதியாரோ, வேதியர் ஒருவரை ஆண்டையாகப் படைத்தார். தில்லை செல்ல விடைவேண்டி நிற்கும் பண்ணையாளை அவ்வேதியர் இகழ்கிறார்; நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்த பின்னரே செல்லலாம் எனத் தடுக்கிறார். இறைவன் அருளால் ஓர் இரவில் பயிர் விளைந்து நிற்கக் கண்டு, அவரே நந்தனாரின் அடியில் வீழ்கிறார். வேதியர் குலத்திற் பிறந்த ஒருவர், அக்குலத்தார் பலரும் கூடிய அவையில் இக்கதையைப் பாடியது எளிய செயலன்று.

அக்காலத்தில் புதுச்சேரியைப் போன்றே காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே அதிகாரியாக விளங்கிய சீசே என்னும் பிரெஞ்சுக்காரர் இச்சரித்திரத்தில் ஈடுபட்டு, அதனை அச்சிடுவிக்க முன்வந்தார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டுமென்று பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். பிள்ளைக்கோ மனம் இசையவில்லை. மூலத்திற்கு மாறாகக் கதை வளர்ந்திருந்தது. பாடல்களில் இலக்கணப் பிழைகளும் பேச்சு வழக்குகளும் மலிந்திருந்தன. புலவரின் நோக்கில் அவை குற்றங்களே. ஆனால், உழவனும் கேட்டவுடன் உருகுதற்குக் காரணம் அந்த எளிய சொற்களே அல்லவா?

பாரதியார் பலமுறை வந்தும் பயனின்றித் திரும்பினார். ஒருநாள் நண்பகலில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார், நந்தனாரின் ஏக்கம் ததும்பும் பாடல்களைத் தமக்குள் மெல்லப் பாடலானார். விழித்த பிள்ளை படுக்கையிற் கிடந்தபடியே கேட்டார், கண்ணீர் பெருகிற்று. இலக்கணம் பற்றிய தடை அக்கணமே அகன்றது. உடனே பாயிரம் எழுதிக் கொடுத்தார். 1861ஆம் ஆண்டையொட்டி நூல் வெளிவந்தது.

காரைக்கால் அம்மையார், திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார் ஆகியோரின் சரித்திரங்களையும் பாரதியார் பாடினார். அவையெல்லாம் நந்தனார் சரித்திரம் அளவுக்குப் பரவவில்லை. முதுமையில் மாயூரத்தில் வாழ்ந்தபோது, பிள்ளையிடம் தமிழ் பயில வந்த உ. வே. சாமிநாதையருக்குச் சில நாள் இசை கற்பித்தார். பிற்காலத்தில் இவருடைய வரலாற்றை எழுதியவரும் ஐயரே. 1896இல் பாரதியார் மறைந்தார்.

நந்தனார் சரித்திர மெட்டுகள் வேறொரு பாரதியாரையும் கவர்ந்தன. ஆண்டைக்கும் நந்தனுக்கும் நடந்த சொல்லாடலின் மெட்டிலேயே, ஆட்சித்தலைவர் விஞ்சுக்கும் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் நடந்ததாக ஓர் உரையாடலைச் சுப்பிரமணிய பாரதியார் பாடினார். அடக்குமுறைக்குத் தப்பி 1908இல் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.