கன்றுக்கு அப்பா யார்?

எங்க சிவப்பு மாடு போன வருஷம் கிடேரிக்கன்று போட்டது. ஜெர்சி சினை ஊசிதான் போட்டோம். கன்றோ கறுப்பு வெள்ளையா பிறந்திச்சு! ஊசி மாறிப்போச்சு என்கிறார் அப்பா. தாய்வழி நிறம் என்கிறார் அப்பத்தா. சண்டை இன்னும் தீரலை. ரத்தம் சொல்லிவிடும் என்றார் அறிவியல் டீச்சர். அப்படித்தான் கார்ல் லேண்ட்ஸ்டெய்னரைத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துக்காரர். பிறந்தது 1868 ஜூன் 14. ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா ஃபேனிதான் வளர்த்தார். அம்மா இறந்த பின் அவர் முகத்தை அச்செடுத்து, கடைசிவரை தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தாராம். இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்போது ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் செத்துப்போவார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. இவர் தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். ஒருவரின் சிவப்பணுவை இன்னொருவரின் சீரத்தில் கலந்தார். சில குழாய்களில் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியானது, சிலதில் ஒன்றும் ஆகவில்லை. இதை வைத்து 1901-இல் ஏ, பி, சி என மூன்று வகை சொன்னார். அந்த சி-தான் இன்றைய ஓ. ஏபி-யை அடுத்த வருஷம் வேறு இருவர் கண்டார்கள். 1923-இல் நியூயார்க் போனார். 1930-இல் நோபல் பரிசு. 1943-இல் ஆய்வகத்தில் வேலை செய்யும்போதே மாரடைப்பு வந்து, இரண்டு நாளில் இறந்தார்.

ரத்த அடையாளம் பெற்றோரிடமிருந்துதான் வரும். கன்றிடம் இருக்கும் ஒன்று தாயிடமும் காளையிடமும் இல்லையென்றால் அந்தக் காளை அப்பா இல்லை. ஆனால் இவன்தான் அப்பா என்று ரத்த வகை மட்டும் உறுதியாகச் சொல்லாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1940-களில் மாடுகளுக்கு இப்படிப் பார்த்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை. ஒரு கர்ன்சி பசுவுக்கு இரட்டைக் கன்று. ஒன்றுக்கு அப்பா கர்ன்சி காளை, இன்னொன்றுக்கு வேலி தாண்டி வந்த ஹெரிபோர்டு காளை! ரத்தத்தைப் பார்த்தால் இரண்டு கன்றிலும் இரண்டு அப்பாவின் அடையாளமும் இருந்தது. கருப்பையிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிட்டது என்று 1945-இல் ரே ஓவன் விளக்கினார்.

இப்போது ரத்தம்கூட வேண்டாம், வேரோடு கொஞ்சம் வால்முடி போதும், டிஎன்ஏ பார்ப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். எந்தக் காளையோடு ஒப்பிட என்று கேட்டார். சினை ஊசிக் குச்சியில் காளை எண் இருக்குமாம். அதை அன்றைக்கே குப்பையில் போட்டுட்டோம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி