பதவியை விடுத்துத் தொழிலைப் பற்றியவர்

இன்ஜினீயரிங் பயிலும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒருவர் மர்ஹூம் பஸ்லுர் ரஹ்மான் கான்.

1929-ல் டாக்காவில் பிறந்த அன்னார், கல்கத்தாவிலும் டாக்காவிலும் பொறியியல் கற்று, 1952-ல் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றார். மூன்றே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் பெற்று, சிக்காகோவில் ஒரு கட்டட நிறுவனத்தில் சேர்ந்தார்.

பின்னர் 1957-ல் தாயகம் திரும்பினார். கராச்சி நகர வளர்ச்சிச் சபையில் உயர் பதவி கிட்டியது. ஆனால் நிர்வாக வேலையே பொழுதை விழுங்கிற்று. கற்ற தொழில் கைநழுவிற்று. எனவே 1960-ல் பதவியைத் துறந்து சிக்காகோ நிறுவனத்திற்கே மீண்டார்.

அங்கே, கட்டடத்தின் வெளிச்சட்டத்தையே குழாய்போல் அமைத்துக் காற்றின் வேகத்தைத் தாங்கச் செய்தார். உயரமான கட்டடங்களில் இரும்புச் செலவு வெகுவாகக் குறைந்தது. அம்முறையில் எழுந்த 110 மாடி சியர்ஸ் கோபுரமே, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் எழும்வரை உலகில் உயர்ந்து நின்றது. ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகளுக்கு நிழல் தரும் கூடாரக் கூரையிலும் அவர் உழைப்பு உண்டு. 1982-ல் அந்த ஜித்தாவிலேயே காலமானார்.

பட்டம் பெற்ற மகனுக்குப் பெரிய பதவியை முதலில் தேடாதீர்கள். சம்பளம் குறைந்தாலும் தேர்ந்த இன்ஜினீயரிடம் வேலை கற்கும் இடத்தைத் தேடுங்கள். சரக்கறிந்த பின் கல்லாவில் அமர்பவனே கடையை நிலைநிறுத்துவான் என்பதை நாம் அறியாதவர்களா? வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு நற்கல்வியை அருள்வானாக! ஆமீன்.