எம்டன் கப்பலின் தலைவர் முல்லர்

சூழ்ச்சித் திறனும் துணிவும் மிக்க ஒருவனைக் கண்டால், அவன் சரியான எம்டன் என்று கூறுவது தமிழ்நாட்டு வழக்கு. நம் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிகப் பெரியதொரு பொருளைக் காட்டி மலையாள நண்பர்கள் யமண்டன் என்கிறார்களே, அதுவும் இச்சொல்லின் உடன்பிறப்பே என்று பலர் கூறுவர். இலங்கையில் சிங்கள மக்களிடையிலும் இப்பெயர் வழங்குகிறது. ஒரு போர்க்கப்பலின் பெயர் இவ்வாறு நம் வீட்டுப் பேச்சிலேயே குடிபுகுந்துவிட்டது. ஆயினும் அக்கப்பலை நடத்திய மனிதரின் பெயரை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

இன்று நம் காலனி இளைஞர் சிலர், உலகப் போர்க் காலத்து வணிகக் கப்பல்களின் பெயர், எடை, வேகம் ஆகியவற்றைத் தேடிக் குறித்துக்கொண்டு, கணிப்பொறியில் கடற்போர் விளையாட்டு ஆடுகின்றனர். தேடுவது நல்ல பழக்கமே. ஆனால் அப்பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மனிதர் இருந்தனர், சரக்கு இருந்தது, கரையில் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. இதனை மறவாத ஒரு பகைவரின் வரலாறு அவர்களுக்கும் நமக்கும் பயன்படும் எனக் கருதி, காப்டன் கார்ல் வான் முல்லரின் வாழ்க்கையை இங்கே சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

முல்லர் 1873-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் கர்னல் பதவி வகித்தவர். மகனும் முதலில் படைப்பள்ளியிலேயே சேர்ந்தார். ஆனால் 1891-இல் கடற்படைக்கு மாறினார். பயிற்சிக் கப்பல்களில் தொழில் கற்று, சமிக்ஞை அதிகாரியாகப் பணி தொடங்கினார்.

பின்னர் ஷ்வால்பே என்னும் சிறு கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர், கூச்சம் மிக்கவர். மேலிடத்தைப் புகழ்ந்து பேசி முன்னேறும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆயினும் வேலையில் அவர் காட்டிய ஒழுங்கு அமைச்சர் டிர்பிட்ஸின் கண்ணில் பட்டது. 1913-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எம்டன் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது.

எம்டன் பெருங்கப்பலன்று. எடை சுமார் 3,600 டன், பீரங்கிகள் 10, வேகம் மணிக்கு 23 கடல் மைலுக்குச் சற்று மேல். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகமே அதன் இருப்பிடம்.

வங்கக் கடலில் வேட்டை

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஜெர்மானிய ஆசியக் கப்பற்படையின் தளபதி ஸ்பீ, தம் கப்பல்களைத் தென்னமெரிக்கா நோக்கி நடத்த எண்ணினார். அப்போது, ஒரு கப்பலையேனும் இந்தியக் கடலுக்கு அனுப்பினால் ஆங்கிலேயரின் வாணிகத்தைக் கலக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் முல்லர். அப்பணி அவருக்கே அளிக்கப்பட்டது. மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலொன்றைத் துணையாகக் கொண்டு, எம்டன் தனியே புறப்பட்டது.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. ஆங்கிலக் கப்பல்களைப் போலத் தோன்றும்படி, நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டார்கள். செப்டம்பர் 10-ஆம் நாள் வங்கக் கடலில் வேட்டை தொடங்கியது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட், டிராபாக் எனக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது. டிப்ளமாட்டில் கல்கத்தாத் தேயிலை நிறைந்திருந்தது. கிளான் மாத்தஸன் என்ற கப்பலிலோ மோட்டார் வண்டிகளும் தட்டச்சுப் பொறிகளும் ரயில் என்ஜின்களும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன. தண்டவாளத்தைக் காணாமலே அந்த என்ஜின்கள் கடலடியில் போய்ச் சேர்ந்தன என்பதை எண்ணும்போது, ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு மனம் வருந்தவே செய்கிறது.

ஒவ்வொரு கப்பலிலும் முறை ஒன்றே. முதலில் நிற்குமாறு சமிக்ஞை. பின்னர் சிறு படகில் ஓர் அதிகாரி சென்று சரக்குச் சீட்டுகளைப் பார்வையிடுவார். சரக்கு நடுநிலை நாட்டாருடையதாயின் கப்பலை மூழ்கடிப்பதில்லை. ஆங்கிலேயருடையதாயின், ஆட்கள் அனைவரையும் உடைமைகளுடன் வெளியேற்றிய பின்னரே கப்பல் மூழ்கடிக்கப்படும். காபிங்கா என்ற கப்பலில் அமெரிக்கச் சரக்கு இருந்தது. அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் உடனிருந்தனர். முல்லர் அக்கப்பலை அழிக்கவில்லை; பிடிபட்டவர்களை அதில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார். விடுபட்ட ஆங்கில மாலுமிகள், தம் கப்பலை மூழ்கடித்த எம்டனை வாழ்த்தி ஆரவாரம் செய்துவிட்டுப் போனார்கள் என்றால், அவரது நடத்தைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வேட்டைக்கு உயிர்நாடி நிலக்கரி. கரி தீர்ந்த நீராவிக் கப்பல் வெறும் இரும்புப் பெட்டி. நீராவி என்ஜின் காலத்தில் பணி புரிந்த நம் மூத்தோர், நல்ல கரிக்கும் மட்டக் கரிக்கும் உள்ள வேற்றுமையை நன்கு அறிவர். வங்காளக் கரி மிகுந்த புகை கக்கும். அப்புகை பகைவனுக்கு வெகு தொலைவிலிருந்தே காட்டிக் கொடுக்கும். வேல்ஸ் நாட்டுக் கரி குறைந்த புகையுடன் எரியும். செப்டம்பர் 27-ஆம் நாள் பியூரெஸ்க் என்ற கப்பல் ஆங்கிலக் கடற்படைக்கென ஏற்றிவந்த ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட வேல்ஸ் கரி முல்லரின் கையில் சிக்கியது. பகைவனின் கரியைக் கொண்டே பகைவனை வேட்டையாடுவது அவருக்குக் கைவந்தது.

சென்னையில் அரைமணி நேரம்

அதற்கு ஐந்து நாள் முன்னர், செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 9 மணிக்குமேல், எம்டன் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகளை வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்த ஒளி நெடுந்தொலைவு தெரிந்தது. அரைமணி நேரத்தில் அனைத்தும் முடிந்து, கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்டுள்ள கல் அவ்விரவை இன்றும் நினைவூட்டுகிறது.

எண்ணெயை அழிப்பதும் ஆங்கில ஆட்சியின் பெருமையைக் குலைப்பதுமே தம் நோக்கம் என்பது முல்லரின் கருத்து. ஆனால் குண்டுக்குக் கண் உண்டோ? துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தோர் உட்படச் சிலர் அன்று மாண்டனர். அடுத்த நாட்களில் பல்லாயிரம் மக்கள் நகரைவிட்டு ஓடினர். ரயில் நிலையங்களில் கூட்டம் தாங்கவில்லை. முல்லரைப் பாராட்டுவோர் இதனையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். மேலும், அவர் வந்தது நம் விடுதலைக்காக அன்று. தம் பேரரசரின் கட்டளைக்காக. டாக்டர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று நம்மவர் பெருமையுடன் கூறுவதுண்டு. அம்மாவீரர் அந்நாட்களில் சூரிச்சிலும் பெர்லினிலும் இருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டார் என்பதே வரலாறு. அவர் புகழுக்கு அதுவே போதும்.

கொச்சிக்கு வந்த கப்பல்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தியகோ கார்சியாத் தீவில் தங்கி, போர் மூண்டதையே அறியாத அத்தீவினரின் பழுதுபட்ட மோட்டார்ப் படகையும் சீர்செய்து கொடுத்துவிட்டு, அக்டோபர் நடுவில் முல்லர் மினிக்காய்த் தீவருகே வந்து நின்றார். ஏடன்-கொழும்பு கடல்வழி அங்கேதான் செல்கிறது. சில நாட்களுக்குள் கிளான் கிராண்ட், பொன்ராபெல், பென்மோர், டிராய்லஸ், செயின்ட் எக்பர்ட், எக்ஸ்போர்ட், சில்கானா என ஏழு கப்பல்கள் அகப்பட்டன. அவற்றுள் பொன்ராபெல் என்பது டாஸ்மேனியாவுக்கு ஊர்ந்து சென்ற ஒரு மண்வாரிக் கப்பல். டிராய்லஸோ முதற் பயணத்திலிருந்த புத்தம் புதிய கப்பல்.

செயின்ட் எக்பர்ட்டில் இருந்தது நியூயார்க் செல்லும் அமெரிக்கச் சரக்கு. ஆகவே முல்லர் அதனை மூழ்கடிக்காமல், மற்ற ஆறு கப்பல்களின் ஆட்களையும் அதில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பினார். அக்டோபர் 20-ஐ ஒட்டி அக்கப்பல் இங்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் பெருங்கப்பல்கள் நம் காயலுக்குள் நுழைய முடியாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ வந்து அத்திட்டை வெட்டி வழி திறந்ததும், 1928-இல் கப்பல்கள் உள்ளே வந்ததும் பின்னாளைய செய்தி. 1914-இல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டுப் படகில்தான் கரையேற வேண்டும்.

அவ்வாறு வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். கிளான் வரிசைக் கப்பல்களிலும் பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனிக் கப்பல்களிலும் கரி தள்ளுவோரும் தளத்தில் உழைப்போரும் பெரும்பாலும் லஸ்கார் எனப்பட்ட நம் நாட்டு ஏழை மாலுமிகளே. மூழ்கிய கப்பல்களின் டன் கணக்கும் பவுன் கணக்கும் புத்தகங்களில் அச்சாகியுள்ளன. இவர்களுள் பெரும்பாலோர் பெயரை எந்தப் பட்டியலிலும் காண்பது அரிது. ஆயினும் அவர்கள் உயிருடன் கரை சேர்ந்தனர். இழந்தது கப்பல் முதலாளியின் இரும்பு. தப்பியது தொழிலாளியின் உயிர்.

இறுதிப் போர்

அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியேறும்போது எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் அழிந்தது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரை முல்லர் தூக்கியெடுத்துச் சிகிச்சை அளித்தார். இறந்தோரைப் படை மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தார்.

நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்க ஒரு படைப்பிரிவைக் கரையில் இறக்கினார். தந்தி நிலையத்தார் விரைந்து அபாயச் செய்தியைப் பரப்பிவிட்டனர். ஆஸ்திரேலியப் படையினரை ஏற்றிச்சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக அண்மையில் சென்ற சிட்னி என்ற போர்க்கப்பல் பாய்ந்து வந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, நெடுந்தொலைவு எட்டுபவை. இரண்டு மணி நேரத்துக்குள் எம்டன் சின்னாபின்னமாயிற்று. எஞ்சிய ஆட்களையேனும் காக்கக் கருதி, முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். அவருடைய வீரருள் 130-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இரண்டு மாத வேட்டையில் எம்டன் மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் சுமார் 70,000 டன்.

சிறையும் மறைவும்

முல்லர் மால்டாத் தீவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறைவைக்கப்பட்டார். 1917 செப்டம்பரில் சட்டன் பானிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கி, மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றவே, சிகிச்சைக்காக ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, 1918 அக்டோபரில் தாய்நாடு திரும்பினார். நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. உடல்நலம் குன்றியதால் 1919-இல் ஓய்வு பெற்றுப் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குடியேறினார், திருமணம் செய்துகொண்டார், பிரன்ஸ்விக் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கதையை வாங்கி வெளியிடப் பலர் காத்திருந்தனர். எம்டன் வீரர் பிறர் நூல் எழுதிப் புகழடைந்தனர். முல்லரோ மறுத்துவிட்டார். தம் தோழர் சிந்திய குருதியைக் கொண்டு தாம் பொருளீட்டுவதா என்ற எண்ணம் அவர் பேனாவைத் தடுத்தது. 1923-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன்னரே, அவர் காலமானார்.

அன்பர்களே! போர் கொடியது, அதனை நடத்தியவரைத் தெய்வமாக்குதல் நம் நோக்கமன்று. ஆனால் எதிரியின் உடைமையை அழிக்கும் கட்டளை பெற்றவரும், எதிரியின் உயிரைத் தம்மால் இயன்றவரை காக்கலாம் என்பதை முல்லரின் வாழ்வு காட்டுகிறது. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக இங்கு வந்து வாழும் நமக்கு, வேலைக்குச் சென்ற மனிதன் முழுதாக வீடு திரும்புவதன் அருமை தெரியும். நம் இளைஞர்கள் விளையாட்டுக்காகக் கப்பல்களை எண்ணும்போது, எடையோடும் வேகத்தோடும் நில்லாது, அதில் எத்தனை பேர் இருந்தனர், அவர்கள் என்ன ஆயினர் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்வார்களாக. அதுவே இவ்வரலாற்றுக்கு அவர்கள் செய்யும் சிறந்த மரியாதையாகும்.