வெயிலில் காத்திருந்த குடுவைகள்

இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடத்தின் மாடி விந்தையாகக் காட்சியளித்தது. கண்ணாடிக் குடுவைகளும் குழாய்களும் அங்கே வரிசை வரிசையாக வெயிலில் கிடந்தன. அவற்றை அங்கு வைத்தவர் பேராசிரியர் ஜாக்கொமோ சமிச்சியான்.

அவர் 1857ஆம் ஆண்டு திரியெஸ்தே துறைமுக நகரில், ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வியன்னாவில் பயின்று, 1880இல் ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ரோம், பாதுவா நகரங்களில் பணியாற்றிவிட்டு, 1889இல் பொலோன்யாவுக்கு வந்தார்.

அக்காலத்தில் தொழிற்சாலைகள் நிலக்கரியை நம்பியே இயங்கின. வேதியியலாளர்களோ கடும் வெப்பத்தையும் வீரியமிக்க அமிலங்களையும் பயன்படுத்தினர். ஆனால், ஒரு சிறு செடி வெறும் ஒளியைக் கொண்டே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்கிறது. செடியால் முடிவது மனிதனால் ஏன் முடியாது? இந்தக் கேள்வி சமிச்சியானை விடவில்லை.

ஜெர்மானியரான பவுல் சில்பருடன் சேர்ந்து அவர் சோதனைகளைத் தொடங்கினார். வெயில் அடித்தால்தான் வேலை நடக்கும். கார்வோன் என்னும் மணப்பொருளை ஏறக்குறைய ஓராண்டு வெயிலில் வைத்த பிறகே புதிய பொருள் ஒன்று உருவானது. எத்தகைய பொறுமை!

1912இல் நியூயார்க்கில் நடந்த அனைத்துலக மாநாட்டில் அவர் உரையாற்றினார். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும் என்றும், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் கூடங்கள் எழுந்து புகையில்லாத தொழில்கள் நடக்கும் என்றும் அவர் கூறினார். ஆனால், சில ஆண்டுகளுக்குள் முதல் உலகப் போர் மூண்டது. சில்பர் தாயகம் திரும்ப நேர்ந்தது. நீண்டகாலக் கூட்டாய்வு முறிந்தது. சமிச்சியான் 1922இல் காலமானார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அவருக்கு அது கிட்டவில்லை. இன்று பொலோன்யாவின் வேதியியல் துறை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து 50 ஆண்டுகளுக்குப் பின், 1972இல், ஜப்பானிய அறிவியலாளர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் தைத்தானியம் டை ஆக்சைடு மீது ஒளியைப் பாய்ச்சி, நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர். வெள்ளைச் சாயத்தில் கலக்கப்படும் சாதாரணப் பொருள்தான் அது! ஆனால், அது புற ஊதாக் கதிர்களை மட்டுமே பயன்படுத்தும்; சூரிய ஒளியில் அவை மிகக் குறைவு. ஆகவே, இன்றைய ஆய்வாளர்கள் அதனுடன் வேறு பொருள்களை நானோ அளவில் கலந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கச் செய்ய முயல்கின்றனர். ஒளி பட்டதும் அத்துகள்களில் எலக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் நீரிலிருந்து ஹைட்ரஜனை உண்டாக்க உதவுகின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் கழிவுநீரில் உள்ள சாயத்தைச் சிதைக்க உதவுகின்றன.